சாபமா? இருட்டா?

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டு உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "நமக்கு ரயிலில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடாயிருக்கிறது, இந்த மனுஷன் சொந்த ஆகாய விமானம் வைத்திருக்கும் சீமான்கள் இருட்டில் வழி தப்புவதைப்பற்றிப் பேச வந்துவிட்டானே" என்று நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால், அந்தச் சீமான்கள் விழுந்து சாகும்போது உலகம் அதற்கு என்ன காரணம் சொல்லுகிறது என்பதும், உண்மையில் காரணம் என்ன என்பதும் நம்மைச் சேர்ந்த விஷயமேயாகும். நம் ஊரில் நடுநிசியில் வயல் வழியே வந்தவன் காய்ச்சலாய்ப் படுத்தால் முனி அடித்துவிட்டது என்கிறார்கள். படித்த தேசமென்று சொல்லப்படும் அமெரிக்காவிலும், விமானம் இருட்டில் விழுந்தால் சாபம் என்கிறார்கள். பேர்தான் வேறு, சரக்கு ஒன்றே.

1999-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி இரவு நடந்த சங்கதியைச் சொல்லுகிறேன். ஜான் கென்னடி என்கிற 38 வயதுடையவர், 1963-ல் சுட்டுக்கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன், தமது மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, ஒற்றை இஞ்சினுள்ள பைப்பர் விமானமொன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு, நியூஜெர்ஸியிலிருந்து மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவுக்குப் புறப்பட்டார். பொழுது சாய்ந்தது 8 மணி 14 நிமிஷத்துக்கு. விமானம் தரையை விட்டது 8-38க்கு. 9-41 சுமாருக்கு விமானம் தீவுக்குச் சில மைல் தூரத்தில் கடலில் விழுந்தது. மூவரும் மாண்டார்கள்.

செய்தி வெளிவந்தவுடன் பத்திரிகைகளும், பிரசங்கிகளும், ஜோசியர்களும் "கென்னடி குடும்பத்துச் சாபம்" என்று ஒரே கூக்குரல் போட்டார்கள். 1944-ல் பெரியப்பா யுத்தத்தில் விமானம் வெடித்துச் செத்தார், 1948-ல் அத்தை பிரான்சில் விமான விபத்தில் செத்தார், 1963-ல் தகப்பனார், 1968-ல் சிற்றப்பா ராபர்ட், இப்போது இவர். ஆகவே இது சாபமல்லாமல் வேறென்ன என்றார்கள். தோழர்களே, யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்துப் பாட்டனாருக்கு ஒன்பது பிள்ளைகள். பணத்திற்குக் குறைவில்லை. சண்டைக்குப் போனார்கள், அரசியலில் இறங்கினார்கள், விமானத்தில் ஓயாமல் பறந்தார்கள். அவர்கள் ஏறி, பத்திரமாய் இறங்கிய விமானங்கள் எத்தனை? அந்த இறக்கங்களையெல்லாம் சாபக் கணக்கில் யாராவது பற்று வைத்தார்களா? விழுந்ததை மட்டும் எண்ணி, விழாததை எண்ணாமல் விட்டால் எந்தக் குடும்பத்துக்கும் ஒரு சாபத்தைக் கட்டிவிடலாம்.

நிற்க, அந்த நாட்டில் விபத்துகளை ஆராய்வதற்கென்று சர்க்கார் சபை ஒன்று இருக்கிறது. அதன் வேலை சாபத்தைத் தேடுவதல்ல. கடலடியிலிருந்து விமானத்தின் துண்டுகளை எடுத்து, இஞ்சினைப் பிரித்துப் பார்த்து, ரேடார் கருவியில் பதிந்திருந்த கோடுகளைக் கணக்கிட்டு, அந்த விமானிக்குக் கற்றுக்கொடுத்தவர்களை விசாரித்து, ஒரு வருஷங்கழித்து 2000-ம் வருஷம் ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. இஞ்சினில் கோளாறு இல்லை. விமானத்தில் கோளாறு இல்லை. இருட்டிய இரவில், தண்ணீருக்குமேல் இறங்கி வரும்போது, எது மேல் எது கீழ் என்கிற நிதானம் தப்பி, விமானி விமானத்தை வசத்தில் வைத்திருக்கத் தவறினார். அன்றிருந்த புகைமூட்டமும் இருட்டும் அதற்குத் துணைக் காரணங்கள். அவ்வளவுதான் தீர்ப்பு.

அவர் அதுவரை பறந்தது சுமார் 310 மணி நேரம். அதில் இரவில் 55 மணி. அந்தக் குறிப்பிட்ட விமானத்தில், கற்பிப்பவர் பக்கத்திலில்லாமல் இரவில் தனியே ஓட்டியது ஒரு மணி நேரங்கூட இல்லை. வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் வித்தையில் பாதி அளவுதான் படித்திருந்தார். அதற்குரிய சன்னது அவரிடமில்லை. அன்றிரவு கூட வருகிறேன் என்று சொன்ன ஆசிரியர் ஒருவரிடம், நானே தனியாய்ப் போக விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டார். இதிலெல்லாம் சட்டவிரோதம் எதுவுமில்லை. அமெரிக்கச் சட்டப்படி சாதாரண லைசென்ஸுக்கு இரவில் மூன்று மணி நேரம் பயிற்சி பெற்றிருந்தால் போதும். கருவிச் சன்னது இல்லாமலே இரவில் ஆள் ஏற்றிக்கொண்டு பறக்கலாம். சட்டம் அனுமதித்ததைப் புகைமூட்டம் அனுமதிக்கவில்லை.

கரையோரமாகப் பறந்தவரையில் ஊர்களின் விளக்கு இருந்தது. பிறகு கரையை விட்டுக் கடலுக்குமேல் திரும்பினார். கீழே கறுப்பு, மேலே கறுப்பு, நடுவில் வானமும் கடலும் சந்திக்கும் கோடு இல்லை. அன்றிரவு அதே பக்கம் பறந்த இன்னொரு விமானி விசாரணையில் என்ன சொன்னார் தெரியுமா? தீவிருக்கும் திக்கில் ஒரு விளக்குக்கூடத் தெரியாததால், தீவில் மின்சாரம் நின்றுவிட்டதோ என்று தாம் நினைத்ததாகச் சொன்னார். அவர் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தார். மற்றவர் என்ன செய்தாரென்பதை ரேடார் சொல்லுகிறது. 5,500 அடி உயரத்திலிருந்து ஒழுங்காய் இறங்கினார். 2,500 அடிக்குக் கிட்ட வந்ததும் வலது பக்கம் திரும்பினார், ஏறினார், இடது பக்கம் திரும்பினார், மறுபடியும் வலது பக்கம் சாய்ந்தார். கடைசியில் நிமிஷத்துக்கு 4,700 அடிக்குமேல் வேகத்தில் விமானம் கீழே போயிற்று.

இது ஏன் நடக்கிறது என்பதுதான் முக்கியம். நம்முடைய காதுக்குள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் தண்ணீர் போன்ற ஒரு திரவமும், அது அசைந்தால் அசையும் மெல்லிய மயிர் போன்ற நரம்புகளும் இருக்கின்றன. தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், நரம்பு வளையும், "திரும்புகிறாய்" என்று மூளைக்குச் சேதி போகும். ஆனால் ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் திரவமும் குழாயோடு சேர்ந்தே ஓட ஆரம்பித்துவிடுகிறது. நரம்பு நிமிர்ந்துவிடுகிறது. அப்போது மூளைக்கு என்ன சேதி போகும்? "நீ நேரே போய்க்கொண்டிருக்கிறாய்" என்று போகும். திரும்புவதை நிறுத்தினாலோ, திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால், "எதிர்ப்பக்கம் திரும்புகிறாய்" என்று சேதி போகும். இதற்கு விமானம் வேண்டியதில்லை. நம் குழந்தைகள் தெருவில் தட்டாமாலை சுற்றிவிட்டு நிற்கும்போது பூமி சுற்றுகிறதென்று கூவி விழுகிறார்களே, அதே காரியந்தான். குழந்தை விழுந்தால் மண் ஒட்டும். 2,000 அடி உயரத்தில் அது வேறு கதை.

விமானம் மெதுவாய் ஒரு பக்கம் சாய்கிறது. மெதுவாய்ச் சாய்வதால் காதுக்குத் தெரிவதில்லை. சாய்ந்த விமானம் வட்டமடிக்கும், மூக்கு தாழும். உயரம் குறைவதை விமானி பார்க்கிறார். நேராகத்தானே போகிறோம், மூக்கு மட்டும் தாழ்ந்துவிட்டது என்று நினைத்துப் பிடியைத் தம் பக்கம் இழுக்கிறார். சாய்ந்திருக்கும் விமானத்தில் அப்படி இழுத்தால் அது ஏறுவதில்லை. வட்டம் இன்னும் சுருங்கி, இன்னும் வேகமாய் இறங்குகிறது. இன்னும் இழுக்கிறார். இதற்குச் சுடுகாட்டுச் சுழல் என்றே விமானிகள் பேர் வைத்திருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் செய்கிற ஒவ்வொரு காரியமும் அவரைக் கடலுக்கு இன்னும் சீக்கிரமாய்க் கொண்டுபோகிறது.

இது ஒருவருடைய புத்திக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். 1954-ல் இல்லினாய் சர்வகலாசாலையில், கருவிப் பயிற்சியில்லாத 20 பேரை விமானத்தில் ஏற்றி, வெளியே ஒன்றும் தெரியாதபடி மறைத்துவிட்டுப் பார்த்தார்கள். 20 பேரும் நிதானம் தப்பினார்கள். சராசரி 178 வினாடி, அதாவது மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. ஒருவர்கூட "எனக்கு உள்ளுணர்வு இருக்கிறது, நான் சமாளித்தேன்" என்று சொல்லமுடியவில்லை.

நம் ஊர்ப் பேய்க்கும் இதில் பங்குண்டு. இராத்திரி காட்டு வழியே வந்தவன், சுற்றிச் சுற்றி அதே புளியமரத்தடிக்கே வந்து நின்றானாம். பேய் வழி மறித்ததாம். உடனே பூசாரி, கோழி, வேப்பிலை. ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தார் ஆட்களைக் காட்டிலும் பாலைவனத்திலும் நடக்கவிட்டு, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை நேரே நடந்தார்கள். மேகம் மறைத்ததும் வளைந்து வளைந்து, தாங்கள் முன்பே போன தடத்தையே குறுக்கிட்டு நடந்தார்கள். நேராய்ப் போவதாகவே எண்ணிக்கொண்டு நடந்தார்கள். கண்ணைக் கட்டி விட்டபோது வட்டம் இன்னும் சிறியதாயிற்று. ஜெர்மனிக் காட்டில் நம் புளியமரத்துப் பேய் எப்படிப் போயிற்றென்று பூசாரிதான் சொல்லவேண்டும்.

இது வரையில் நிதானம் தப்புவதைச் சொன்னேன். வழி தப்புவது இன்னொன்று. அதற்கு ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் அனுபவத்தைச் சொல்லுகிறேன். அந்த்வான் த சேந்த் எக்ஸுபரி என்று பேர். பல வருஷம் தபால் விமானம் ஓட்டியவர், கற்றுக்குட்டியல்ல. 1935-ம் வருஷம் டிசம்பர் கடைசியில், பாரிசிலிருந்து சைகோனுக்கு யார் அதிவேகமாய்ப் போகிறார்களோ அவர்களுக்கு 1,50,000 பிராங்கு பரிசென்று வைத்திருந்தார்கள். அவருக்கோ கடன். தம்முடைய சிறிய விமானத்தில் பிரேவோ என்ற இயந்திர வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பெட்ரோல் அதிகம் கொண்டுபோக வேண்டி ரேடியோவைக் கழற்றி வைத்துவிட்டார். பெங்காசியிலிருந்து இரவில் கெய்ரோவை நோக்கிப் பறந்தார். காற்று பின்னாலிருந்து மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். காற்று அப்படித் தள்ளுகிறதென்று எண்ணி நாலு மணி நேரம் பறந்து, காற்று தள்ளாமலிருந்தால், 120 முதல் 160 கிலோமீட்டர் பிசகு. காற்று எதிரேயிருந்து அடித்தாலோ அதற்கும் மேல். நைல் நதியைத் தாண்டியிருப்போம் என்று நினைத்து, கெய்ரோவின் விளக்கைத் தேடி மேகத்துக்குள் இறங்கினார். நதி இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. விடியற்காலை 2-45 மணிக்கு, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் பாலைவன மேடொன்றில் மோதினார். தரையெங்கும் உருண்டைக் கூழாங்கற்கள் கிடந்ததால் விமானம் அவற்றின்மேல் உருண்டோடி நின்றது, இருவரும் பிழைத்தார்கள். பிழைத்துப் பார்த்தால் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் திராட்சை மது, ஓர் ஆரஞ்சுப்பழம், தண்ணீர் இல்லை. கானலைக் கண்டு கண்டு ஏமாந்து நடந்தார்கள். நாலாவது நாள் ஒட்டகத்தில் வந்த ஓர் அரபி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினான். உங்கள் மதமென்ன, ஜாதியென்ன, குடிக்கிற பாத்திரம் எதுவென்று அவன் கேட்கவில்லை.

(இங்கே ஒருவர் சீட்டெழுதிக் கொடுத்தார். சொற்பொழிவாளர் அதை வாசித்துவிட்டுத் தொடர்ந்து பேசியதாவது:)

ஒரு நண்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "பகுத்தறிவு பகுத்தறிவு என்கிறீர். கடைசியில் விமானி தன்னை நம்பக்கூடாது, கருவியை நம்பவேண்டும் என்கிறீர். நாங்கள் கண்ணுக்குத் தெரியாததை நம்பு என்றால் மட்டும் மூட நம்பிக்கையா?" என்று கேட்கிறார். கேட்டதற்கு வந்தனம்.

நான் விமானியை அவருடைய அறிவை நம்பவேண்டாமென்று சொல்லவில்லை. உணர்ச்சியை நம்பவேண்டாமென்று சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. "என் உள்ளத்தில் தோன்றிற்று, ஆகையால் மெய்" என்பது பக்தர்களுடைய அளவுகோல். அந்த உள்ளத் தோற்றம் காதுக்குள்ளிருக்கும் ஒரு சொட்டுத் திரவத்தின் ஓட்டத்தால் தலைகீழாய் மாறுகிறதென்று இப்போதுதான் பார்த்தோம்.

அடுத்தபடியாக, கருவியை விமானி எப்படி நம்புகிறார்? புறப்படுமுன் தரையில் நிற்கும்போதே உயரமானியைப் பார்க்கிறார். அந்த விமான நிலையம் கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்பது அளந்த விஷயம். 75 அடிக்குமேல் வித்தியாசம் காட்டினால் கருவிகொண்டு பறப்பவர்கள் அதை ஏற்பதில்லை. திசைகாட்டும் சுழல்கருவி நேரமாக ஆக விலகும் என்பது தெரியும். ஆகையால் கால்மணிக்கொருமுறை காந்தத் திசைகாட்டியோடு ஒத்துப் பார்த்துத் திருத்துகிறார். சாய்வைக் காட்டும் கருவி பழைய சிறு விமானங்களில் காற்றுறிஞ்சும் பம்பினால் ஓடும். திரும்புவதைக் காட்டும் கருவி மின்சாரத்தால் ஓடும். ஏன் இப்படி இரண்டு வழி வைத்தார்கள்? ஒன்று கெட்டாலும் மற்றது சாட்சி சொல்லவேண்டுமென்றுதான். கருவிகொண்டே பறக்கும் விமானத்தில் உயரமானியை இரண்டு வருஷத்துக்கொருமுறை பரீட்சை செய்து, தேறாவிட்டால் கழற்றி எறிகிறார்கள். நண்பர் அவர்கள் தமது சாமியை இரண்டு வருஷத்துக்கொருமுறை பரீட்சை செய்து, தேறாவிட்டால் கழற்றி வைக்கச் சம்மதிப்பாரானால், அந்தச் சாமியைப்பற்றி நானும் யோசிக்கத் தயார்.

இடையில் ஒரு வேடிக்கை. 2019-ம் வருஷம் அக்டோபரில் பிரான்சு தேசத்தில் ரபேல் யுத்த விமானத்தைப் பெற்றுக்கொள்ளப்போன இந்திய ராணுவ மந்திரியார், அதற்குப் பூஜை போட்டு, ஓம் எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். கோடி கோடியாய்க் கொட்டி வாங்கிய யந்திரம். அதற்குக் காவல் ஒரு பழம்! அதை ஓட்டுகிறவர் காற்றில் ஏறினபிறகு பார்ப்பது கருவியையா, பழத்தையா என்று அவரையே கேளுங்கள்.

கருவியை வீணாய்ச் சந்தேகித்தாலும் கேடுண்டு. 1945-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி அமெரிக்கக் கடற்படையின் ஐந்து விமானங்கள் பிளாரிடாவிலிருந்து பகலில் பயிற்சிக்குக் கிளம்பின. இவர்கள் சொந்த விமானக்காரரல்ல. ஆனாலும் தவறு அதே தவறு. தலைமை தாங்கியவர், திசைகாட்டிகள் கெட்டுவிட்டன என்று ரேடியோவில் சொன்னார். கீழே தெரிந்த தீவுகள் பிளாரிடாவின் தெற்கேயுள்ள தீவுகளென்று நினைத்தார். அவை பெரும்பாலும் கிழக்கேயுள்ள பஹாமாத் தீவுகளாகவே இருந்திருக்கவேண்டும். கிழக்கேயிருந்து கரைக்கு வர மேற்கே பறக்கவேண்டும். அவரோ மாற்றி மாற்றித் திருப்பினார். இருட்டிற்று, காற்றும் மழையும் சேர்ந்தன, பெட்ரோல் தீர்ந்தது. 14 பேர் போனார்கள். தேடப்போன விமானமும் 13 பேரோடு போயிற்று; அந்தப் பக்கம் போன கப்பலொன்று நெருப்பு எரிந்ததைக் கண்டது.

விசாரித்தவர்கள் முதலில் தலைவர் மேல் தவறு சொன்னார்கள். அவருடைய தாயார், என் மகன்மேல் பழி போடாதீர்கள் என்று ஓயாமல் மன்றாடினார். கடற்படையார் இரங்கி, "காரணம் தெரியவில்லை" என்று அறிக்கையை மாற்றினார்கள். அந்தத் தாயின் துக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என்ன விளைந்தது? அந்தக் காலியிடத்தில் 1964-ல் "பெர்முடா முக்கோணம்" என்று ஒருவர் பேரெழுதினார். பிறகு வந்த புஸ்தகக்காரர்கள் கடலுக்கடியில் மாயசக்தி, ஆகாயத்திலிருந்து வந்த பூதம் என்று எழுதிப் பணம் குவித்தார்கள். அந்த 14 பேருடைய மரணத்திலிருந்து அடுத்த விமானி கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் போய், பூதக் கதை நின்றது. தோழர்களே, மரியாதைக்காகவும் இரக்கத்துக்காகவும் காரணத்தை மறைத்தால், பூசாரி வந்து உட்காருவதற்கு நாமே பாய் விரித்துக் கொடுத்தவர்களாவோம்.

ஆகவே வழி தப்பினவன் என்ன செய்யவேண்டும்? அமெரிக்காவில் பழகும் விமானிகளுக்கு இதற்கொரு பாடம் உண்டு. உயரே ஏறு, ரேடியோவில் பேசு, வழி தப்பிவிட்டேன் என்று ஒப்புக்கொள், அவர்கள் சொல்லுகிறபடி செய். ஏறினால் ரேடாருக்கும் ரேடியோவுக்கும் எட்டுவாய். ஆபத்துக்கென்று 121.5 என்ற அலைவரிசை உலகமெங்கும் வைத்திருக்கிறார்கள். இந்த நாலில் கஷ்டமானது மூன்றாவதுதான். பெட்ரோல் கால்பாகம் இருக்கும்போதே சொல்லவேண்டியதை, பெட்டி காலியாகும்வரை சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். கௌரவம்! நான் பெரிய விமானி, நான் போய் ஒரு சம்பளக்காரனிடம் வழி கேட்பதா என்கிற எண்ணம். 1999-ல் அந்த வாலிபரும் கடலுக்குமேல் போன அந்தக் கடைசி நேரத்தில் எவரிடமும் ரேடியோவில் பேசவில்லை. தானே ஓட்டும் கருவி அந்த விமானத்தில் இருந்தது. பேசும் கருவியும் இருந்தது.

கிறிஸ்தவர்கள் பாவமன்னிப்புக் கூண்டில் போய் ஒப்புக்கொள்வதற்கு வைத்திருக்கிற சொல்லைத்தான் அந்தப் பாடத்திலும் வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கேட்கிறவர் மன்னிப்புக் கொடுப்பதில்லை. எந்தத் திக்கில் திரும்பவேண்டுமென்று டிகிரிக் கணக்காய்ச் சொல்லுகிறார். இன்னுமொன்று: பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று கேட்டுவிட்டு, எத்தனை ஆத்மாக்கள் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். நமது ஆஸ்திக நண்பர்கள் சந்தோஷப்படவேண்டாம். அது பழைய கப்பல்காரர் பேச்சு. தண்ணீரில் எத்தனை தலையைத் தேடவேண்டுமென்றுதான் கேட்கிறார்கள்.

தலைவரவர்கள் மணியைப் பார்க்கிறார். மேஜைமேல் இன்னும் இரண்டு சீட்டு இருக்கிறது. ஒன்றில் கேள்வியில்லை, வசவு மட்டும் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். மற்றதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். "ராகு காலத்தில் புறப்பட்டதால் விழுந்திருக்கலாமல்லவா?" என்று கேட்டிருக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை, புறப்பட்டது இரவு 8-38. நண்பர் தமது பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை ராகு காலம் எத்தனை மணிக்கென்று அவரே எழுந்து இந்தச் சபையில் சொல்லட்டும்.